சம்பளத் தேதி இல்லாத வாழ்க்கைக்கு மனம் தயாரா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 36. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். மனைவி பகுதி நேர வேலைக்குப் போகிறார். அவர் வருமானம் வீட்டுச் செலவில் கால் பங்குக்கு வரும். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டுக்கடன் இன்னும் 12 வருடம் இருக்கிறது. என் சம்பளம் நின்றுபோனால் இருக்கிற சேமிப்பை வைத்து 7 மாதம் ஓட்டலாம்.

என் பெரியப்பா மகன் ரியல் எஸ்டேட் ஏஜென்ட். போன வருடம் அண்ணனோடு சேர்ந்து இரண்டு வீடுகளை முடித்துக் கொடுத்தேன். பத்திரங்களைப் பார்ப்பது, லோன் பேப்பர் தயார் செய்வது, வக்கீலுக்கும் வங்கிக்கும் அலைவது எல்லாம் என் பொறுப்பு. இரண்டிலும் சேர்த்து எனக்கு வந்த பங்கு, மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமம். அதிலிருந்து ஆபீஸில் உட்காரவே மனம் வரவில்லை.

ஆபீஸும் முன்பு மாதிரி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் மேலாளர் மாறினார். சின்னத் தவறுக்கும் எல்லார் முன்னாலும் பேச்சு. ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது, அன்று இரவு தூக்கமும் வருவதில்லை. ராஜினாமா கடிதம் எழுதி இரண்டு மாதமாக ஃபோனில் வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை.

“மாசா மாசம் வர்றதை விட்டுட்டு, வருமோ வராதோன்னு இருக்கிறதை நம்பிப் போறதா?” என்று மனைவி கேட்கிறார். கோபம் வருகிறது. ஆனால் அவர் கேட்பதில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அண்ணனோ, “பயந்தா எதுவும் நடக்காதுடா” என்கிறார். நான் கோழையா, அவசரக்காரனா? எனக்கே புரியவில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

கோழையா, அவசரக்காரனா என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அதற்கு என்ன பதில் வந்தாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன: இந்த ஆபீஸை விட்டு ஓட வேண்டும், அந்தத் தொழிலுக்குப் போக வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. நாளைக்கே மேலாளர் மாறி, பழையபடி மரியாதையான ஆள் ஒருவர் வந்தால், அப்போதும் வீடு விற்கத்தான் போவீர்களா? உடனே பதில் சொல்லாதீர்கள். நல்ல தூக்கம் தூங்கி எழுந்த ஒரு நாளில் கேட்டுப் பாருங்கள். “போக மாட்டேன்” என்று வந்தால் உங்களுக்குத் தேவை வேறு ஆபீஸ், வேறு தொழில் அல்ல. “அப்போதும் போவேன்” என்று வந்தால் மேலே படியுங்கள்.

இரண்டு வீடுகள் முடித்தது நல்ல அனுபவம்தான். ஆனால் அது எதை நிரூபிக்கிறது? உங்கள் கடிதத்தின்படி நீங்கள் செய்தது பத்திரம், லோன், வக்கீல், வங்கி. ஒரு விற்பனையின் பின்பாதி அது. வாங்குகிறவரையும் விற்கிறவரையும் தேடிப் பிடித்தது அண்ணன் என்று தெரிகிறது. முன்பாதி முற்றிலும் வேறு வேலை: தெரியாதவருக்கு ஃபோன் போடுவது, எடுக்காதவருக்கு நாலாம் நாள் திரும்பப் போடுவது, சைட் விசிட்டுக்கு வருகிறேன் என்றவர் வராமல் போனாலும் முகம் சுளிக்காமல் அடுத்த நேரம் கேட்பது. கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் பெரும்பாலும் பின்பாதியில் கெட்டிக்காரர்கள். தொழிலை விட்டு வெளியேறுகிறவர்கள் பெரும்பாலும் முன்பாதியில்தான் தோற்கிறார்கள். நீங்கள் இன்னும் அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை.

அடுத்தது பணம் வருகிற வேகம். விசாரணை வந்து, வீடு காட்டி, குடும்பத்தோடு மறுபடி வந்து பார்த்து, விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, வக்கீல் பத்திரம் பார்த்து, லோன் கிடைத்து, பதிவு முடிந்த பிறகுதான் கமிஷன். புதிதாக வருகிறவர் முதல் கமிஷனைக் கையில் வாங்க 4 முதல் 6 மாதம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. எந்தப் படியிலும் இது அறுந்து போகலாம். பேசிய விலையைவிட வங்கி குறைத்து மதிப்புப் போடும், வாங்குகிறவரால் மீதிப் பணத்தைப் புரட்ட முடியாது. கூட்டுச் சொத்தில் ஒரு தங்கை கடைசி நேரத்தில் கையெழுத்துப் போட மறுப்பார். வீட்டைப் பார்த்த இரண்டு தரப்பும் ஏஜென்டை ஒதுக்கிவிட்டு நேராகப் பேசி முடித்துக்கொள்ளும். இதில் எதுவும் உங்கள் தவறாக இருக்காது. ஆனாலும் அந்த மாதம் வரவு பூஜ்யம்தான்.

இந்த முதல் வறட்சியைவிட மோசமானது இரண்டாவது வறட்சி, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் விற்பனையை முடிக்கிற கடைசிச் சில வாரங்களும் வங்கி, வக்கீல், பதிவு அலுவலகம் என்று ஓடுவீர்கள். புது ஆளைத் தேட நேரம் இருக்காது. கமிஷன் கைக்கு வரும்போது அடுத்த ஆள் வரிசையில் இருக்க மாட்டார், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் வறட்சியை நம்பிக்கையோடு தாண்டியவர்கள் இதில் உடைந்து போகிறார்கள், ஏனென்றால் ‘எனக்கு இந்தத் தொழில் கைவந்துவிட்டது’ என்று நினைத்த பிறகு வருகிற வறட்சி அது. இதற்கு மருந்து, பதிவு வேலை தலைக்கு மேல் இருக்கிற வாரத்திலும் தினம் ஒரு மணி நேரம் புது ஆள் தேடலுக்கு என்று ஒதுக்குவது. ஃபோனில் அலாரம் வைத்துச் செய்யுங்கள், மனம் தானாகச் செய்யாது.

இனி மனசுக்கு வருவோம். சம்பளம் வெறும் பணம் அல்ல, மாதம் ஒரு முறை வருகிற தீர்ப்பும் அதுதான்: “நீ ஒழுங்காக வேலை செய்தாய்.” 11 வருடத்தில் 132 தடவை அந்தத் தீர்ப்பு உங்களுக்கு வந்திருக்கிறது. ஏஜென்டாகப் போனால் அது நின்றுவிடும். நன்றாக உழைத்த மாதத்தில் ஒன்றும் வராது, சும்மா இருந்த மாதத்தில் பழைய விற்பனையின் கமிஷன் வந்து விழும். உழைப்புக்கும் வரவுக்கும் இருந்த கயிறு கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது, நாம் சரியாகத்தான் செய்கிறோமா என்ற சந்தேகம் உள்ளே புகுகிறது. பலரை வீழ்த்துவது பணக்கஷ்டத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிற இந்தச் சந்தேகம்தான். ஆகவே சம்பளம் சொல்லிக்கொண்டிருந்த தீர்ப்பை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள ஒரு அளவுகோல் வேண்டும். விற்பனையை எண்ணாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. வாரத்துக்கு எத்தனை புது ஆட்களோடு பேசினீர்கள், எத்தனை பேருக்கு ஃபாலோ அப் செய்தீர்கள், எத்தனை சைட் விசிட் என்று எண்ணுங்கள். அவை பெரும்பாலும் உங்கள் கையில் இருப்பவை.

எப்போது வரும் என்று தெரியாமல் வருகிற பரிசுக்கு இன்னொரு குணமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த பரிசோதனைகளில், ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கிடைத்த புறாவைவிட, எத்தனையாவது கொத்தில் கிடைக்கும் என்று தெரியாத புறாதான், தானியம் நின்ற பிறகும் நெடுநேரம் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. கமிஷன் தொழிலில், புறா கொத்திய அந்தப் பலகை ஃபோன்தான். இரவு பதினொன்றுக்கு மெசேஜ் பார்ப்பது, சாப்பிடும்போது எடுப்பது, குளியலறைக்குக் கொண்டுபோவது என்று அது வளரும். வாடிக்கையாளர்களுக்கு ஓய்வு கிடைப்பதே மாலையிலும் வார இறுதியிலும் என்பதால், பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நேரத்தில் நீங்கள் வெளியே இருப்பீர்கள். வாரத்தில் ஒரு அரை நாளும், தினமும் இரவில் ஒரு நேரமும் ஃபோன் எடுப்பதில்லை என்று முதல் மாதமே வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வைக்கப் போனால் முடியாது.

முடிந்துவிடும் என்று இருந்த விற்பனை முறிந்தால் ஏன் அவ்வளவு வலிக்கிறது? ஒரே அளவு லாபத்தைவிட நஷ்டம் மனதை அதிகம் தாக்கும் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். வராத கமிஷனை மனம் ஏற்கெனவே வரவு வைத்துவிட்டதால், முறிவு நஷ்டமாகிவிடுகிறது. கணக்குக்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பணம் வங்கியில் ஏறும்வரை அதை எந்தக் கணக்கிலும் எழுதாதீர்கள், வீட்டுப் பேச்சிலும் எழுதாதீர்கள். ஒருவர் வேண்டாம் என்று சொன்னால், அன்றே ஒரு சொல்லில் காரணத்தைக் குறியுங்கள்: விலை, இடம், லோன், குடும்பம், நேரம், நான். ஐம்பது மறுப்பு சேர்ந்த பிறகு ‘நான்’ எத்தனை என்று பாருங்கள். நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அந்தச் சிலவற்றில்தான் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

சேமிப்புக்கு வருகிறேன். 7 மாதம் என்கிறீர்கள். எல்லாம் சரிவராமல் போனால் வேறு வேலை தேட 3 மாதமாவது ஆகும், அதைத் தொடக்கூடாது. மிச்சம் 4. பெட்ரோல், ஃபோன், விளம்பரம், உரிமம் வேண்டிய இடத்தில் அதற்கான பயிற்சியும் கட்டணமும், இதுவரை நிறுவனம் கட்டிய மருத்துவக் காப்பீடு இவை கழிந்தால் 3 மாதம்கூட நிற்காது. முதல் கமிஷனோ 4 முதல் 6 மாதத்தில். கணக்கு இடிக்கிறது. வீட்டுச் செலவுக்கு 9 மாதம், தொழில் செலவுக்குத் தனியாக 6 மாதம் சேரும்வரை ராஜினாமா வேண்டாம். கடன் தவணையை மாற்றியமைப்பது, தனியாகக் காப்பீடு எடுப்பது போன்றவற்றைச் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பிறகு வங்கி சில வருட வருமானக் கணக்குக் கேட்கும்.

இந்தச் சேமிப்பு வீட்டுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், உங்கள் நாணயத்துக்கும் சேர்த்துத்தான். தவணை கட்டப் பணமில்லாத ஏஜென்ட், பத்திரத்தில் ஒரு வில்லங்கம் கண்ணில் பட்டால் என்ன செய்வார்? வாங்குகிறவரிடம் சொன்னால் விற்பனை போய்விடும். கெட்ட மனிதர்கள்தான் அங்கே வாயை மூடிக்கொள்வார்கள் என்பதில்லை, நெருக்கடியில் இருக்கிற நல்லவர்களும் மூடிக்கொள்வார்கள். அப்படி விற்ற ஒரு வீடு பிறகு வருடக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால்தான் முதல் வருடம் உறவினர்களுக்கு விற்பதையும் நான் ஊக்குவிப்பதில்லை. ஏதாவது கோளாறானால் விற்பனையோடு உறவும் போகும்.

பரீட்சையை இப்படி எழுதுங்கள். வெளி வேலை செய்ய உங்கள் நியமனக் கடிதம் அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதித்தால் 12 வாரம், வாரத்துக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு வாரமும் 10 புது ஆட்களோடு பேச்சு, 2 சைட் விசிட். அண்ணன் கொடுக்கிற லீட் (வாங்கவோ விற்கவோ விரும்புகிறவரின் விவரம்) கணக்கில் சேராது. 12 வாரத்தில் ஒன்றுமே விற்காமல் போகலாம், பரவாயில்லை. ஒன்றும் நடக்காத வாரத்திலும் அந்த 10ஐ முடித்தீர்களா, முகத்தில் அடித்தாற்போல் மறுப்பு வந்த மறுநாள் ஃபோனை எடுத்தீர்களா, சனிக்கிழமை இரவு தூக்கம் எப்படி இருந்தது என்று பாருங்கள். ஆறாவது வாரத்திலேயே சாக்குச் சொல்லி எண்ணிக்கையைக் குறைக்க ஆரம்பித்தால், சம்பளம் நின்ற பிறகு அது மாறும் என்று நம்பாதீர்கள்.

மனைவியிடம் “என்னை நம்புகிறாயா?” என்று கேட்காதீர்கள். அவர் பயப்படுவது உங்களைப் பார்த்து அல்ல, முடிவு தெரியாத ஒரு காலத்தைப் பார்த்து. அதற்கு ஒரு முடிவு வையுங்கள்: “சேமிப்பு 3 மாதச் செலவுக்கு இறங்கிய அன்று வேலை தேட ஆரம்பிக்கிறேன்.” இதைத் தேதி போட்டு எழுதி, மாதம் ஒரு முறை வங்கிக் கணக்கை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அந்த நாள் வரும்போது உங்கள் மனம் “இன்னும் ஒரே ஒரு விற்பனை” என்று கெஞ்சும், போட்ட உழைப்பைக் காட்டி வாதாடும். அப்போது முடிவெடுக்க நீங்கள் ஏற்ற ஆள் இல்லை, எழுதிவைத்த காகிதமும் மனைவியும்தான். கமிஷன் வந்த பிறகும் வரிக்கு ஒரு பங்கு, தொழிலுக்கு ஒரு பங்கு என்று ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து மாதம் ஒரே தொகையை ஒரே தேதியில் வீட்டுக்கு மாற்றுங்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நல்ல மாதம், கெட்ட மாதம் தெரியாது.

ஞாயிறு மட்டும் இருந்த தூக்கமின்மை மற்ற நாட்களுக்கும் பரவி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது எதிலும் விருப்பமில்லாத சோர்வு சேர்ந்துகொண்டால், முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் ராஜினாமா கடிதத்தையும் அனுப்ப வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

அண்ணனிடம் இந்த வாரமே ஒன்றைப் பேசிவிடுங்கள். லீட் உங்களுடையதாக இருந்தால் உங்கள் பங்கு எவ்வளவு, அவருடையதாக இருந்தால் எவ்வளவு, விற்பனை பாதியில் முறிந்தால் செலவு யாருடையது? இதை எழுத்தில் கேளுங்கள். கேட்கவே கூச்சமாக இருந்தால், முன்பின் தெரியாதவரிடம் கமிஷன் பேசுவது அதைவிடக் கடினம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

– உளவியல் ஆலோசகர்