சூப்பர்வைஸ்டு ரிலீஸ் கண்டிஷனை மீறினா உடனே ஜெயிலா?

அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) ஜெயில்ல இருந்து வெளிய வந்து சூப்பர்வைஸ்டு ரிலீஸ்ல, அதாவது ஜெயிலுக்குப் பிறகு வர்ற கண்காணிப்புல இருக்கற அண்ணன், தன்னைக் கண்காணிக்கற புரொபேஷன் ஆபீசரை ஒரு தடவை பார்க்கப் போகல, திரும்ப உள்ள போட்ருவாங்களான்னு கேட்டிருக்கீங்க. பயப்படாதீங்க, அந்த ஒண்ணுக்கே பெரும்பாலும் போட மாட்டாங்க. ஆனா இன்னைக்கே ஆபீசருக்கு போன் பண்ணச் சொல்லுங்க, போன் எடுக்கலைன்னா மெசேஜாவது போட்டு அதை அழிக்காம வெச்சுக்கட்டும், ஒளிஞ்சா வாரண்ட் வந்துடும்.

கோர்ட்டுக்குப் போனா ஜூரி கிடையாது, மீறியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு ஜட்ஜுக்கு பட்டாலே போதும், இது தெரியாமதான் பலரும் மாட்டிக்கிறாங்க. வக்கீல் வைக்க காசில்லைன்னா கோர்ட்டே வெச்சுக் கொடுக்கும், அதை கண்டிப்பா கேட்கணும்.

ரிலீஸ் ரத்தானா, பழைய குற்றத்தோட கிளாஸைப் (கடுமையை வெச்சு பிரிக்கற தரம், ஏ-தான் ரொம்ப கடுமை) பொறுத்து ஏ-க்கு 5 வருஷம், பி-க்கு 3, சி, டி-க்கு 2, மத்ததுக்கு 1 வருஷம் வரைக்கும் ஜெயில்ல போடலாம், அதுல கொடுமை என்னன்னா வெளிய ஒழுங்கா இருந்த மாசங்களை கழிக்கவே மாட்டாங்க. துப்பாக்கி, போதைப்பொருள் வெச்சிருந்தது, போதை டெஸ்டுக்கு மறுத்தது, அந்த டெஸ்ட்ல வருஷத்துல 3 தடவைக்கு மேல பாசிட்டிவ், இதுக்கெல்லாம் ரத்து கட்டாயம், போதை டெஸ்ட்ல பாசிட்டிவ் ஆனவங்களுக்கு மட்டும் ரத்துக்கு பதிலா சிகிச்சைக்கு அனுப்பற வழி இருக்கு.