காசுக்கு ஏற்ற ரெட்டைக்குழல் எது? கேள்விகளும் பதில்களும்

கோவையில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறேன். ரெட்டைக்குழல் பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

டெக்சாஸிலிருந்து, சொந்த ஊர் பெருந்துறை: அண்ணா, இங்கே நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை. ரெட்டைக்குழல் ரைபிள் வாங்க ரொம்ப நாள் ஆசை. இங்கிலீஷ் துப்பாக்கி விலையெல்லாம் நமக்குக் கட்டாது. குறைந்த விலையில் எது நல்லது?

முதலில் விசாவைப் பார், தம்பி. எச்-1பி விசாவில் இருப்பவர் அமெரிக்க மத்தியச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால்தான் விதிவிலக்கு. டெக்சாஸில் நிலத்துக்காரர் அனுமதியோடு தனியார் நிலத்தில் பன்றி சுட லைசென்ஸ் தேவையில்லை என்று 2019-இல் மாற்றினார்கள். அதை நம்பி நீ எடுக்காமல் விட்டால் மாட்டிக்கொள்வாய்.

இப்போது துப்பாக்கி. ரெட்டைக்குழல் ரைபிளில் பணம் போகும் இடம் செதுக்கு வேலையோ வாதுமைக் கட்டையோ இல்லை. இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுட வேண்டும், அதற்குத்தான் பணம். வலது குழல் வெடிக்கும்போது துப்பாக்கி மேலேயும் வலப்பக்கமும் உதைக்கும். இடது குழல் இடப்பக்கம் உதைக்கும். அதனால் குழல்களை நேர் இணையாக வைத்தால் குண்டுகள் பிரிந்து போய்விடும். வாய்ப்பக்கம் கொஞ்சம் நெருங்குவது போல வைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சுட்டுப் பார்த்து, மறுபடி சூடாக்கி நகர்த்தி, மறுபடி சுட்டு, ஐம்பது முதல் நூறு கெஜத்துக்குள் ஒரு தூரத்தில் குண்டுகள் சேரும்வரை செய்வார்கள். கைவேலை, பொறுமை வேலை.

இதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அந்தச் சேர்க்கை ஒரே ஒரு வகைத் தோட்டாவுக்குத்தான். குண்டின் வேகம் குறைந்தால் அது குழலைவிட்டு வெளியேறும் முன் துப்பாக்கி அதிகம் திரும்பிவிடும், இரண்டும் அகன்று விழும். வேகம் கூடினால் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். ஆகவே எந்தத் தோட்டாவுக்குச் சரிசெய்தார்கள் என்று தெரியாத ரெட்டைக்குழல் ரைபிளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே.

உன் பணத்துக்கு, ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஊரில் செய்த பைக்கால் எம்பி-221, .45-70 தோட்டாவுக்கானது, பழையது கிடைத்தால் பார். பார்க்க முரடு. ஆனால் வாய்ப்பக்கம் திருகு வைத்துக் குழலின் நெருக்கத்தை நீயே மாற்றலாம். ஒரே கம்பெனி, ஒரே எடைத் தோட்டாவை மொத்தமாக வாங்கி அதற்குத் திருகை அமைத்துவிட்டு அப்புறம் தொடாதே. பிரான்சின் ஷாப்புயி, ஜெர்மனியின் மெர்க்கெல், கிரீகாஃப் எல்லாம் இங்கிலீஷ் துப்பாக்கியைவிட விலை குறைவு, வேலை சுத்தம், ஆனாலும் உன் தொகைக்கு எட்டாது.

பழையது வாங்கும்போது குழல் வாயை விளக்கு பிடித்துப் பார். சில மலிவுத் துப்பாக்கிகளில் பற்றவைப்பைத் திருத்தாமல், குழல் வாயின் உட்புறத்தை ஒருபக்கமாக ராவிக் குறியை இழுத்திருப்பார்கள். வட்டம் கோணலாகத் தெரிந்தால் நகர்ந்துவிடு. அப்புறம், முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலைப் பிடித்து ஆட்டிப் பார். கடகடவென்றால் கீல் தேய்ந்திருக்கிறது. குழல்களைத் தனியாகத் தொங்கவிட்டு விரலால் சுண்டினால் மணி போலக் கணீரென்று வர வேண்டும். மொத்தென்று வந்தால் இரண்டு குழலையும் சேர்க்கும் நடுப்பட்டையின் ஈயம் விட்டிருக்கிறது.

கோபியிலிருந்து: மக்காச்சோளத்தில் பன்றி இறங்குதுங்க. பன்னிரண்டு போர் (ரவைத் தோட்டா போடும்) ரெட்டைக்குழல் வாங்கிச் சுடலாமுங்களா?

சுடக் கூடாது. 1972 வன உயிரினச் சட்டத்தில் காட்டுப்பன்றி இருக்கிறது. பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி உரிமம் தனியாக உண்டு, ஆனால் அது பன்றியைச் சுட அனுமதி ஆகாது. தமிழக அரசு 2025-இல் சொன்னபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடுவதில்லை, 1 முதல் 3 வரை பிடித்து விடுவது, 3-க்கு அப்பால் வனத்துறை ஆட்கள் சுடுவது. ரேஞ்சர் அலுவலகத்தில் சேதத்தோடு மனுக் கொடுங்கள். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) மட்டும் வைக்காதீர்கள். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து வாய் சிதைந்து, தின்ன முடியாமல் சாகிறது.

பொள்ளாச்சி, கல்லூரி மாணவர்: பழைய யானை ரைபிள்களில் .465, .470, .475 என்று ஏன் இத்தனை அளவு?

நல்ல கேள்வி. இந்த எண்கள் ஏறக்குறைய அங்குலத்தில் குழலின் உள் அளவு. பலரும் .450 தான் வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவைத் தடுத்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி பட்டாளத் துப்பாக்கியும் அதே அளவு என்பதால், கலகக்காரர் கைக்குத் தோட்டா போய்விடும் என்ற பயம். உடனே கம்பெனிகள் ஆளுக்கொரு புது அளவு கொண்டுவந்தார்கள். இங்கே இன்று இருக்கும் ரெட்டைக்குழல் ரைபிள்கள் பெரும்பாலும் அந்தக் காலச் சரக்குதான். தனியார் இறக்குமதி அடைபட்டு வெகுகாலமாகிவிட்டது, அதனால் இந்தியாவுக்குள் ‘மலிவு ரெட்டைக்குழல் ரைபிள்’ என்பதே இல்லை. இலக்கு சுடத்தான் ஆசை என்றால் நம் நாட்டு .315 போல்ட் ரைபிள் போதும்.

தாராபுரத்திலிருந்து: ஒரு விசையா, இரண்டு விசையா?

இரண்டு. ஒன்று மக்கர் செய்தால் மற்றது இருக்கும்.

ஆனைமலையிலிருந்து: தாத்தாவின் பன்னிரண்டு போர், குழல் முழுக்கச் சுருள் கோலம். கட்கி அரசு ஆலைத் தோட்டா போடலாமா ஐயா?

வேண்டாம். அது டமாஸ்கஸ் குழல். கரும்பொடி காலத்தில் இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிச் செய்தது, இன்றைய புகையில்லாப் பொடியின் அழுத்தத்துக்குச் செய்ததல்ல.

கரூரிலிருந்து, மேலே சொன்னதற்கு: இது பழைய பயம். பர்மிங்காமில் நைட்ரோ முத்திரை (புகையில்லாப் பொடிக்குச் சோதித்த அடையாளம்) போட்ட டமாஸ்கஸ் உண்டு. எங்கள் வீட்டுத் துப்பாக்கி இன்றும் வெடிக்கிறது.

முத்திரை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சோதனைகளிலேயே நல்ல டமாஸ்கஸ் நன்றாகத் தாங்கியது. ஆனால் அவர்கள் சோதித்தது புதுக் குழல். உங்களுடையது தலைமுறை தாண்டியது, மடிப்புக்குள் துரு எங்கே தின்றிருக்கிறது என்று வெளியே தெரியாது.

மறுபடி கரூர்: அப்படியென்றால் உருக்குக் குழலும் துருப்பிடிக்கும்தானே?

பிடிக்கும். உருக்கில் குழி கண்ணுக்குத் தெரியும், அளந்து சொல்லலாம். இன்னொன்று, நீங்கள் சொல்லாமல் விட்டது: தோட்டா அறையின் நீளம். அந்தக் காலத்து இங்கிலீஷ் துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானவை. 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்குள் நன்றாகவே போய் உட்காரும், ஆபத்தே அதுதான். வெடிக்கும்போது முனை விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். வெடித்ததெல்லாம் பத்திரம் ஆகாதுங்க. குழல் பிளந்தால் போவது இடதுகை விரல்கள். நைட்ரோ முத்திரை, அறை நீளம், குழல் சுவர்க் கனம், மூன்றையும் அளந்து பார்த்தவர் எழுதிக் கொடுத்தால் பேசலாம். அதுவரை ஆனைமலைக்காரர் போட வேண்டாம்.

அந்தியூரிலிருந்து: பன்றி சுட எந்த ரவை நல்லதுங்க?

கோபிக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சத்தியிலிருந்து: நாட்டுத் துப்பாக்கி மலிவுதானே? ராத்திரி பன்றிக்கு...

உரிமம் இல்லாத துப்பாக்கி பற்றி இங்கே கேட்காதீர்கள். அவுட்டுக்காயும் வேண்டாம், வேலியில் வீட்டுக் கரண்ட் விடுவதும் வேண்டாம். ஆளும் சாகிறது, யானையும் சாகிறது.

காங்கயத்திலிருந்து: அப்பா காலமாகிவிட்டார். அவர் பேரில் ரெட்டைக்குழல் இருக்கிறது. பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டலாமுங்களா?

இப்போது அதை நீங்கள் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. முதலில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் உங்கள் பேருக்கு விண்ணப்பியுங்கள், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். உரிமம் கைக்கு வந்தபின் குழலைக் கழற்றி உறையில் போட்டு, உரிமத்தின் அசலோடு வாருங்கள். தோட்டா எடுத்துவர வேண்டாம்.