ஓடுற கருந்துளை கதிர்வீச்சு விடுமா?

கேள்வி: எலக்ட்ரான் ஆடினா ரேடியோ அலை வருதுன்னு படிச்சிருக்கேன். அப்போ சூரியனை விட பல மடங்கு எடையுள்ள ஒரு கருந்துளை விண்வெளியில பறந்துட்டு இருந்தா அதுவும் எதையாவது வீசணும்ல? ஆனா ஒளியே அதுல இருந்து தப்பாதுன்னும் சொல்றாங்க. எது சரி?

பதில்: நேர்கோட்டுல ஒரே வேகத்துல போயிட்டு இருந்தா, ஒண்ணும் வராது. உங்க எலக்ட்ரானும் அப்படித்தாங்க, வெற்றிடத்துல சீரா போறவரைக்கும் அது சும்மாதான் இருக்கும், ஆடும்போதோ திரும்பும்போதோதான் அலை கிளம்பும். அதாவது வேகம் மாறணும்.

கருந்துளை விஷயத்துல இதை இன்னும் சுலபமா பாத்துடலாம். நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர்ல ஒரு கருந்துளை போகுதுன்னு வைங்க, நீங்களும் அதே வேகத்துல அதே திசையில கூடவே போறீங்க, உங்களுக்கு அது அசையாம நிக்கிற கருந்துளைதானே? நிக்கிறது அலை விடாதுன்னா ஓடுறதும் விட முடியாது, ஏன்னா ரெண்டும் ஒண்ணேதான், பாக்குற ஆள்தான் வேற. 1905-ல ஐன்ஸ்டீன் அடிப்படையா வெச்ச கொள்கையே இதுதான், சீரான ஓட்டத்துக்குன்னு தனியா எந்த விளைவும் கிடையாது.

முடுக்கம், அதாவது வேகமோ திசையோ மாறுறது, வந்துட்டா கதை வேற. ரெண்டு கருந்துளை ஒண்ணையொண்ணு சுத்துச்சுன்னா ஈர்ப்பு அலை வரும், அதாவது காலவெளியே (இடமும் காலமும் சேந்தது) நடுங்குற அலை. ஆனா இது மின்காந்த அலையை விட ரொம்ப கஞ்சம். ஒண்ணு இந்தப் பக்கம் போனா இன்னொண்ணு அந்தப் பக்கம் போகும், மொத்த உந்தம் (எடையை வேகத்தால பெருக்கினா வர்றது) மாறவே மாறாது, அதனால அலையோட முதல் பெரிய பங்கு அப்படியே அடிபட்டுப் போயிடும், மிஞ்சுறதுதான் வெளிய வரும். எவ்வளவு கஞ்சம்னா, பூமி சூரியனைச் சுத்துறதால கிளம்புற ஈர்ப்பு அலையோட பவர் சுமார் 200 வாட்தான், பழைய குண்டு பல்பு ரெண்டு மூணு எரியும் அவ்வளவுதான்.

ஆனா கருந்துளைங்க ரொம்ப நெருங்கிட்டா இந்தக் கஞ்சத்தனம் எங்க போகும்னே தெரியாது! 2015 செப்டம்பர் 14-ம் தேதி அமெரிக்காவுல ஈர்ப்பு அலையைப் பிடிக்கவே கட்டின லைகோ கருவிகள் ரெண்டும் பிடிச்ச அலை அப்படி வந்ததுதான், சுமார் 36 சூரிய எடையும் 29 சூரிய எடையும் உள்ள ரெண்டு கருந்துளை சேந்து 62 சூரிய எடையில ஒண்ணாச்சு. மிச்சம் 3 சூரியன்? அத்தனையும் ஈர்ப்பு அலையாவே போச்சு, அதுலயும் பெரும்பங்கு கடைசி நொடிக்குள்ள. உச்சத்துல அதோட பவர், நாம பாக்கக்கூடிய பிரபஞ்சத்துல இருக்குற எல்லா நட்சத்திரங்களும் விடுற ஒளியை விட அதிகம். நூறு கோடி ஒளி ஆண்டுக்கும் மேல தாண்டி இங்க வந்தப்போ லைகோவோட 4 கிலோமீட்டர் நீளக் கையை அது அசைச்சது ஒரு புரோட்டான் அகலத்துல நூத்துல ஒரு பங்கு கூட இல்லை.

இங்கதான் உங்க ரெண்டாவது சந்தேகம் வருது, எதுவும் வெளிய வராதே, 3 சூரியன் எப்படி வந்துச்சு? உள்ள இருந்து எதுவும் வரலை. அலை உருவாகுறது கருந்துளையோட எல்லைக்கு (உள்ள போனா ஒளியும் திரும்பாத கோடு) வெளிய வளைஞ்சு கிடக்குற காலவெளியில. எடை குறைஞ்சாலும், சேந்து வந்த புது கருந்துளையோட எல்லைப் பரப்பு பழைய ரெண்டோட பரப்பையும் கூட்டினா வர்றதை விடப் பெருசுதான், சுருங்குறதுக்கு விதி விடாது (இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1971-லயே சொன்னது).

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அலை எல்லாப் பக்கமும் சமமா போகலைன்னா, அது அதிகமா போற பக்கத்துக்கு எதிரா புது கருந்துளை எத்துப்படும். கம்ப்யூட்டர் கணக்குப்படி சுழற்சி எல்லாம் தோதா அமைஞ்சா நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரைக்கும் போகலாம். ஓடுறதால கதிர்வீச்சு வருமான்னு நீங்க கேட்டீங்க, இங்க பாத்தா கதிர்வீச்சாலதான் ஓட்டமே வருது.

கருந்துளையே லேசா வெப்பம் மாதிரி விடும்னு கணிச்ச ஹாக்கிங் கதிர்வீச்சுன்னு ஒண்ணு இருக்கேன்னு கேப்பீங்க. அது ஓட்டத்துக்காக வர்றதில்லை, நின்னாலும் வரணும். சூரிய எடை கருந்துளைக்கு அதோட வெப்பநிலை 1 கெல்வின்ல ஒரு கோடியில ஒரு பங்கை விடக் கம்மி, சுத்தி இருக்குற வானமே 2.7 கெல்வின், அதனால விடுறதை விட வாங்குறதுதான் அதிகம். இதுவரைக்கும் நேரா யாரும் பாத்ததும் இல்லை.

கேள்வி: அப்போ ஒரு நட்சத்திரத்தோட ஜோடியா இருக்குற சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளையில இருந்து எக்ஸ் கதிர் வருதே?

பதில்: அது கருந்துளை விடுறது இல்லை, பக்கத்து நட்சத்திரத்துல இருந்து வர்ற வாயு உள்ள விழுறதுக்கு முன்னாடி சுத்தி சூடாகி விடுறது. தனியா ஓடுற கருந்துளை வழியில அடர்த்தியான வாயு மேகம் வந்தாலும் கொஞ்சம் மினுங்கலாம், அதுவும் வாயுவோட ஒளிதான். வாயு இல்லைன்னா எப்படி இருக்கும்னு பாக்க நல்ல உதாரணம் 2022-ல அறிவிச்சது: சுமார் 5,000 ஒளி ஆண்டு தள்ளி, ஏழு சூரிய எடை அளவுல, நொடிக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர்ல தனியா போயிட்டு இருக்குற கருந்துளை. அதுகிட்ட இருந்து எந்த ஒளியும் வரலை, பின்னாடி இருந்த நட்சத்திரத்தோட ஒளியை அது வளைச்சதை ஹப்பிள் தொலைநோக்கி வருஷக்கணக்கா அளந்துதான் கண்டுபிடிச்சாங்க.