ஐந்து நட்சத்திரம் பெற்றும் விற்காத கார்

கேள்வி: சீனாவின் கோரோஸ் கார், தரமானது என்று பாராட்டப்பட்டும் ஏன் தோற்றது?

பதில்: சீனாவின் செரி நிறுவனமும் இஸ்ரேல் கார்ப்பரேஷனும் சேர்ந்து 2007-இல் தொடங்கிய இந்த முயற்சி, ‘மினி’ என்ற பெயரில் விற்கும் ஐரோப்பியக் கார்களின் வடிவமைப்புக்குத் தலைமை வகித்தவரையே அழைத்து வந்து, ஐரோப்பியத் தரத்தில் கார் செய்ய முனைந்தது. நடுவே 8 அங்குலத் தொடுதிரை பதித்த கோரோஸ் 3 செடான், 2013-இல், கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் மோதல் சோதனையில் 5 நட்சத்திரங்கள் பெற்றது. அதுவரை வேறெந்தச் சீனக் காருக்கும் கிடைக்காத பெருமை அது.

ஆயினும், ஆண்டுக்கு 1,50,000 கார்கள் செய்யவல்ல, சீனாவின் சாங்ஷு நகரிலுள்ள அதன் ஆலையிலிருந்து 2014-இல் விற்றவை ஏறத்தாழ 7,000 மட்டுமே. ஃபோக்ஸ்வேகன் போன்ற பழகிய பெயர்களுக்குக் கொடுக்கும் விலையை, கேள்விப்படாத பெயருக்கு யார் கொடுப்பார்கள்? இதையே முதற்காரணமாகக் கருதுகிறேன். மக்கள் எஸ்யூவி எனப்படும் உயரமான பெரிய கார்களின் பக்கம் திரும்பிய காலத்தில் செடானோடு வந்ததும், கோரோஸ் 5 எஸ்யூவி 2016-இல்தான் வந்து சேர்ந்ததும் இழப்பைப் பெருக்கின. பின்னர் கோரோஸின் 51 சதவீதப் பங்கை வாங்கிய சீனாவின் பாவ்நெங் குழுமமும் கடனில் சிக்கியதால், அருமையான அந்த ஆலையில் உற்பத்தி நின்றுபோனது.