வைட்டமின் சி செல்லுக்குள் நுழைவது எப்படி? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

(பதில் சொல்பவர்: கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவர்)

அல்சூர் வாசகி: தினமும் ஒரு கொய்யா சாப்பிடுகிறேன், ஐயா. அதிலுள்ள வைட்டமின் சி செல்லுக்குள் எப்படிப் போகிறது?

செல்லைப் போர்த்தியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது, அம்மா. வைட்டமின் சி தண்ணீரில் கரைவது; உடலுக்குள் அது எதிர் மின்னூட்டமுள்ள அஸ்கார்பேட்டாக இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதல்லவா? ஆகவே அதைக் கடத்திவிட ஒரு புரதம் வேண்டும். சோடியத்தின் துணையோடு வைட்டமின் சி-யைக் கடத்தும் அந்தப் புரதத்துக்கு எஸ்விசிடி என்று பெயர்; அதில் இரண்டு வகை. சிறுகுடலிலும் சிறுநீரகத்திலும் எஸ்விசிடி 1; மூளை, கண், அட்ரினல் சுரப்பி போன்ற இடங்களில் எஸ்விசிடி 2. சோடியம் செல்லுக்கு வெளியே அதிகம், உள்ளே குறைவு. அந்த இறக்கத்தில் இரண்டு சோடியம் அயனிகள் உள்ளே வரும்போது ஓர் அஸ்கார்பேட்டும் கூடவே வந்துவிடுகிறது. இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு வெள்ளணுக்களில் சேர்வது இதனால்தான். எஸ்விசிடி 2 இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகள் சில நிமிடங்களில் இறந்தன என்ற 2002ஆம் ஆண்டு ஆய்வை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் தாழ்ந்துவிடும்.

ஜெயநகர் வாசகர்: தினமும் 1000 மில்லிகிராம் மாத்திரை போடலாமா?

வேண்டாம். கடத்தும் புரதங்கள் எண்ணி வைத்தவை. 200 மில்லிகிராம் கொடுத்தால் ஏறத்தாழ முழுவதும் உள்ளே போகும். 1250 கொடுத்தால் சுமார் பாதிதான். சேர்ந்ததில் ஒரு பகுதி, சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட்டாக மாறும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்த மாத்திரைப் பக்கமே போகாதீர்கள்.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: காலை 1000, இரவு 1000?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

மல்லேஸ்வரம் வாசகர்: சர்க்கரைக்கும் வைட்டமின் சி-க்கும் ஒரே வழிதான். தேன் நெல்லி சாப்பிடுவது வீண்.

இந்திராநகர் வாசகி: எங்கள் பாட்டி தேன் நெல்லி கொடுத்தே எங்களை வளர்த்தார். அது வீணா?

வீணில்லை, அம்மா. மல்லேஸ்வரம் நண்பர் சொல்வது பாதி உண்மை. குளுக்கோஸைக் கடத்தும் குளூட் 1 புரதத்தில் அஸ்கார்பேட் ஏறாது. அது ஆக்சிஜனேற்றம் அடைந்து டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாக மாறினால்தான் ஏறும்; அங்கேதான் குளுக்கோஸ் போட்டிக்கு வரும். எஸ்விசிடி-யின் வழி வேறு.

மல்லேஸ்வரம் வாசகர்: அப்படியானால் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதிப்பே இல்லையா?

இருக்கிறது. இந்தக் கேள்வியைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்! முதிர்ந்த சிவப்பணுவில் எஸ்விசிடி கிடையாது. அது குளூட் 1 வழியாக அந்த மாறிய வடிவத்தை வாங்கி, உள்ளே மீண்டும் அஸ்கார்பேட்டாக்கிக்கொள்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த வழி நெரிசலாகும்; சர்க்கரை நோயாளிகளின் சிவப்பணுக்களில் வைட்டமின் சி குறைந்திருப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆகவே அவர்களுக்குத் தேன் நெல்லி வேண்டாம், வெறும் நெல்லிக்காய் போதும்.

கோரமங்கலா வாசகர்: சளி பிடித்திருக்கிறது. 1000 மில்லிகிராம்...

மூன்றாம் முறை சொல்கிறேன், தம்பி: வேண்டாம். ஒரு கொய்யா வாங்கிச் சாப்பிடுங்கள்.

ஹெப்பால் வாசகி: முகத்துக்கு வைட்டமின் சி சீரம் பூசலாமா?

அது என் துறையன்று. தோல் மருத்துவரைக் கேளுங்கள், அம்மா.