வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனேன். முதலாளி சம்பளம் தராமல் இழுத்தடிக்கிறார். ஊர்க்காரர் வேறு. என்ன செய்யலாம்?

ஷார்ஜாவில் ஓர் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் வேலை, இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, பாஸ்போர்ட் முதலாளி கையில், அவர் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் என்பதால் புகார் கொடுக்கத் தயக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தயக்கத்தில்தான் மற்ற எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் முதலில் அதைப் பேசிவிடுகிறேன். ஊர்க்காரர் என்றால் முதல் ஆளாக உங்களுக்குத்தான் சம்பளம் போட்டிருக்க வேண்டும்.

எனக்குக் கீழக்கரை. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை எங்கள் பக்கத்தில் விளம்பரம் பார்த்து வளைகுடா போகிறவர்கள் குறைவு. மாமா கூப்பிடுவார், பக்கத்துத் தெரு காக்கா (அண்ணன்) விசா அனுப்புவார். அப்படிப் போய் நல்லா வந்த குடும்பங்கள் என் தெருவிலேயே நிறைய இருக்கின்றன. அந்த நம்பிக்கையையே முதலாகப் போட்டுத் தொழில் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஷார்ஜாவில் எனக்கு வாய்த்த முதலாளி அந்த வகை. ஸ்போக்கன் இங்கிலீஷும், வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சியும் நடத்தும் மையம். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். படித்த ஆளைக் கூட்டிப்போய் பகலெல்லாம் வகுப்பு, ராத்திரி அட்மிஷன் பிடிக்க போன் என்று வேலை வாங்கினார். கேட்டால், "நம்ம புள்ள, நீயே இப்படிக் கேட்டா எப்படி?" என்பார்.

அமீரகத்தில் 2009இலிருந்து டபிள்யூபிஎஸ் என்ற சம்பளப் பாதுகாப்பு முறை இருக்கிறது. சம்பளம் வங்கி வழியாகப் போகும், யாருக்கு எவ்வளவு போனது என்பது தொழிலாளர் அமைச்சகத்துக்குத் தெரியும். எங்கள் ஆள் அதற்கும் வழி வைத்திருந்தார். ஒப்பந்தத்தில் இருக்கும் முழுத் தொகையும் கணக்கில் ஏறும். மறுநாள் மேனேஜர் வந்து, "ஊர்ல பேசுனது இவ்வளவுதானே தம்பி" என்று மிச்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டு போவார். அரசாங்கப் பதிவில் பார்த்தால் தங்கமான முதலாளி.

திருப்பிக் கொடுக்கிற ரொக்கத்துக்கு ரசீது கிடையாது. அதனால் அடுத்த தடவை சம்பளம் ஏறியதும் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில், "சார், இந்த மாசம் எவ்வளவு திருப்பித் தரணும்?" என்று பவ்யமாக ஒரு கேள்வி போட்டேன். மனுஷன் தொகையை அப்படியே எழுதி அனுப்பினார், கூடவே ஒரு கட்டைவிரல் படம். அன்றைக்கே அதே தொகையை ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்தேன். அது வங்கி ஸ்டேட்மெண்டில் பதிவானது. இரண்டையும் என் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொண்டேன், போன் போனாலும் ஆதாரம் போகாது. உங்கள் கதை வேறாக இருந்தாலும் வழி இதுதான்: வாயால் சொன்னதை எழுத்தில் வரவழையுங்கள். கோபமாக எழுத வேண்டாம். "இரண்டு மாதச் சம்பளம் எப்போது கிடைக்கும், வீட்டுக்கு அனுப்ப வேண்டும்" என்று கேட்டாலே போதும். அவர் சொல்லும் சாக்கு எதுவாக இருந்தாலும், பாக்கி இருப்பதை அது ஒப்புக்கொண்டுவிடும்.

இந்த ஆதாரத்தோடு அமைச்சகத்தில் புகார் போட்ட பிறகு எனக்குப் பிரச்சினை ஷார்ஜாவில் வரவில்லை, கீழக்கரையில் வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வாப்பாவுக்குப் போன் செய்து, "உம்ம மகன் ஊர்க்காரன் மேலேயே கேஸ் போட்டுட்டானாமே" என்றாராம். "அவன் ஒழச்ச காசத்தானே கேக்குறான், ஒங்க காசையா கேட்டான்?" என்று வாப்பா போனை வைத்துவிட்டார். உம்மாதான் கொஞ்ச நாள் தெருவில் தலை காட்டவில்லை. இப்படி ஒன்று வரும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெளியாள் வாயிலிருந்து முதலில் கேட்டால்தான் அவர்கள் ஆடிப்போவார்கள். சமரசப் பேச்சில் அந்த வாட்ஸ்அப்பைக் காட்டியதும் மேனேஜரின் குரல் இறங்கியது. கேட்டதில் பெரும்பகுதி வந்தது. ராத்திரி வேலைக்கான ஓவர்டைம் மட்டும் வரவில்லை, அதற்கு எழுத்தில் எதுவும் இருக்கவில்லை.

சரி, சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு இருக்கிறது? நிறையவே. 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி முதலாளி உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது; ஆளெடுத்த செலவை உங்கள் தலையில் கட்டவும் கூடாது. ஊரில் பேசியதற்கு அங்கே மதிப்பில்லை, அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தம்தான் கணக்கு. ஆஃபர் லெட்டரைத் தொழிலாளியின் மொழியிலும் தர வேண்டும் என்று 2016இலிருந்து விதி. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. அதில் பேசிக் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். அலவன்ஸை ஏற்றி பேசிக்கைக் குறைத்திருப்பார்கள், ஏனென்றால் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம் என்று வேலை முடியும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி பேசிக் மேல்தான் கணக்காகும்.

புகாரை அமைச்சகத்தின் ஆப்பிலேயே போடலாம். 2024இலிருந்து 50,000 திர்ஹம் வரையிலான வழக்குகளில் அமைச்சகமே முடிவு சொல்லிவிடுகிறது, இரண்டு மாதச் சம்பளமெல்லாம் அதற்குள் அடங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. கோபத்தில் வேலைக்குப் போகாமல் ரூமில் உட்கார்ந்துவிடாதீர்கள். தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் காணோம் என்றால் ஆள் ஓடிவிட்டான் என்று அவர் புகார் கொடுக்க முடியும், அப்புறம் நீங்கள்தான் குற்றவாளிபோல் ஓட வேண்டும். புகாரை முதலில் போடுங்கள், வகுப்புக்கும் போய்க்கொண்டிருங்கள்.

இன்னொன்று, வீட்டில் தனியாக டியூஷன் எடுக்கிறீர்களா? அனுமதி இல்லாமல் எடுப்பது அங்கே தப்பு, அதை வைத்து மிரட்டுவார்கள். 2023 டிசம்பரிலிருந்து தனிப்பட்ட டியூஷனுக்கு இலவச அனுமதியே தருகிறார்கள். வாங்கிவிட்டால் மிரட்ட ஒன்றும் மிஞ்சாது.

இந்தியத் தூதரகப் பக்கம், வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் குறை சொல்ல மதத் (MADAD) என்ற இணையதளம் இருக்கிறது, அங்கேயும் ஒரு மனு போடுங்கள். தூதரகம் சம்பளம் வாங்கித் தராது. பாஸ்போர்ட் விஷயத்தில் அதன் கடிதத்துக்கு மரியாதை உண்டு.

இனிமேல் கிளம்பப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டதாரிகளான நமக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக இந்திய அரசு தரும் அனுமதி, தேவையில்லை. அது சௌகரியம்தான், ஆனால் நம் ஒப்பந்தத்தை இந்தியாவில் எந்த அதிகாரியும் பார்க்கப் போவதில்லை என்றும் அர்த்தம். பதிவு பெற்ற ஏஜெண்டா என்று இந்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் பார்க்கலாம். அவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர ஒரு பைசா வாங்கக் கூடாது. தாய்லாந்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை, விசாவே வேண்டாம், வந்து இறங்குங்கள் என்று யாராவது சொன்னால் போகவே போகாதீர்கள். விசா இல்லாமல் நுழையும் சலுகையை வைத்து அங்கே டீச்சர் வேலை பார்க்க முடியாது. வேறு வேலை சொல்லித் தாய்லாந்துக்கு வரவழைக்கப்பட்டு மியான்மரின் மியாவாடியில் மாட்டிக்கொண்ட தமிழர்களை 2022இல் மீட்டு வந்தார்கள்.

உங்கள் விஷயத்தில் கடைசியாக ஒன்று. பேச்சு முற்றினால் அவரே, "விசாவைக் கேன்சல் பண்ணித் தர்றேன், கிளம்பு" என்பார். கேன்சல் பேப்பரில் எனக்குச் சேர வேண்டிய எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி இருக்கும். வேலை முடிந்து 14 நாளுக்குள் அவர் செட்டில்மெண்ட் தந்தாக வேண்டும், அவசரப்படுத்த வேண்டியவர் நீங்கள் இல்லை. பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.