தங்கையின் புது வீடும் 73-ஆம் சங்கீதமும்

சகோதரிக்கு ஸ்தோத்திரம். தங்கை தன் புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு அழைத்த நாளிலிருந்து, வாடகை வீட்டில் இருக்கும் உங்களால் ஜெபிக்கவே முடியவில்லை, விசுவாசம் போய்விட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை. வேதாகமத்தில் 73-ஆம் சங்கீதத்தை இன்று இரவே சத்தமாக வாசியுங்கள். ஆலயத்தில் பாடிய ஆசாப்பே, பொறாமையால் தன் கால்கள் சறுக்கப் பார்த்ததைத் தேவனிடம் ஒளிக்காமல் சொல்கிறார். நீங்களும் சொல்லலாம், தங்கையின் பெயரையும் சேர்த்தே.

'மனரம்மியமாயிருக்க', அதாவது மனநிறைவோடிருக்க, 'கற்றுக்கொண்டேன்' என்று அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி சபையாருக்கு எழுதியது சிறைக்காவலில் இருந்தபோது. 'கற்றுக்கொண்டேன்' என்ற சொல்லைப் பல ஆண்டுகள் நான் கவனிக்காமலே கடந்திருக்கிறேன். அவருக்கும் அது கற்றுத்தான் வந்திருக்கிறது! அதே அதிகாரத்தில், தம் உபத்திரவத்தில் உதவியவர்களை நன்றாய்ச் செய்தீர்கள் என்கிறார். மனரம்மியம் கற்றவருக்கும் தேவைகள் இருந்தன. ஆகவே சொந்த வீடு கேட்பதே பாவம் என்று உங்களிடம் சொன்னவரின் பேச்சை என்னால் ஏற்க முடியாது.

என் அண்ணன்மேல் எனக்கிருந்த கசப்பு, அவர் பிள்ளைகளுக்காகத் தினமும் ஜெபிக்கத் தொடங்கிய பிறகுதான் மெல்லத் தளர்ந்தது. முதல் வாரம் வாய் மட்டுமே ஜெபித்தது, மனம் வரவில்லை. பரவாயில்லை, தொடருங்கள். பிரதிஷ்டைக்குப் போய்வாருங்கள். தேதியை எழுதினால் அன்று காலை நானும் உங்களுக்காக ஜெபிப்பேன்.